வேலை, வீடு இரண்டுக்கும் நடுவில் ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் தினமும் நேரம் ஒதுக்குவது எப்படி?

கேள்வி கேட்டவருக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வேலை, வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை, வாட்டர்கலரும் மொபைல் கேமராவும் பிடிக்கும். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றே வருஷம் ஓடிவிடுகிறது, தினமும் செய்கிறவர்கள் எப்படித்தான் செய்கிறீர்கள்?" என்பது கேள்வி.

என் நிலைமையும் ஏறக்குறைய அதேதான். குரோம்பேட்டையில் வீடு, எழும்பூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை, எட்டாம் வகுப்பில் ஒரு பையன். ஓவியம் எங்கும் முறையாகப் படித்ததில்லை. ஒரு படம் விற்றதும் இல்லை, விற்கும் எண்ணமும் இல்லை. கீழே வருவதெல்லாம் என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஆட்களுக்குத்தான் பொருந்தும்.

ஓவியம், புகைப்படம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்கு ஒரு மணி நேரம் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. இரண்டும் நேரத்தைக் கேட்கிற விதமே வேறு. வெளிச்சம் நமக்காக நிற்காது. பெயின்ட் காய்கிறவரை நாம்தான் நிற்க வேண்டும். புகைப்படத்துக்கு அரை நிமிடம் போதும், ஆனால் அந்த அரை நிமிடம் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. வாட்டர்கலருக்கு மணிக்கணக்கில் ஆகும், ஆனால் அதில் பெரும்பகுதி சும்மா காத்திருக்கிற நேரம். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதலில் ஓவியம். "ஒரு நாளைக்கு ஒரு படம்" என்று சபதம் எடுக்காதீர்கள். வேலைக்குப் போகிறவருக்கு அது ஒத்துவராது. அவசரத்தில் ஈரத்தின் மேல் ஈரம் பூசிச் சேறாக்குவோம். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர்கலர் அடுக்கு அடுக்காக ஏறுகிற வேலை. கீழ் அடுக்கு நன்றாகக் காய்ந்தால்தான் மேலே பூசும் நிழலுக்குக் கூர்மையான ஓரம் கிடைக்கும். பாதி காய்ந்த வாஷில் (நிறைய தண்ணீர் கலந்து பரப்பிப் பூசிய நிறத்தில்) ஈரப் பிரஷை வைத்தால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் பல் பல்லாகக் கறை கட்டிவிடும். அதாவது, "அம்மா, ஜாமெட்ரி பாக்ஸ் எங்கே?" என்று கூப்பிட்டதும் பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவது படத்துக்கு நல்லது. நேரம் நிறைய உள்ளவர்கள்தான் சும்மா இருக்க முடியாமல் கிளறிக்கொண்டே இருப்பார்கள்.

உதாரணத்துக்கு, ரயில் நிலைய வாசலில் இருக்கிற தகரப் பந்தல் போட்ட டீக்கடை. திங்கட்கிழமை இரவு பென்சில் கோடு மட்டும். செவ்வாய்க்கிழமை மிக வெளிறிய முதல் வாஷ்; கண்ணாடி கிளாஸின் பளபளப்பு, டியூப்லைட் ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும், வாட்டர்கலரில் தாள்தான் வெள்ளை. புதன்கிழமை பந்தலுக்கு அடியில் நடுத்தர நிழல். வியாழக்கிழமை பாய்லருக்குப் பின்னால் உள்ள இருட்டு, மாஸ்டரின் தலைமுடி, பெஞ்சின் கால்கள். ஒவ்வொரு இரவும் பதினைந்து, இருபது நிமிடம். வார இறுதிக்குள் போஸ்ட்கார்டு அளவில் ஒரு படம் முடிந்திருக்கும், நடுவில் ஒருநாள் விருந்தாளி வந்தாலும்கூட. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் தாள் காய்வதே இல்லை என்று தோன்றும். ஒரு கட்டத்துக்கு ஓர் இரவு விட்டால் அந்தக் கவலையும் இல்லை. சந்தேகம் இருந்தால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

அதிகாலை நாலரைக்கு எழுந்தால் உலகமே உங்களுடையது என்று சொல்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் எழுந்ததும் டிகாஷன் இறக்குவது யார், டிபன் பாக்ஸ் கட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் காலை நேரம் என் கையில் இல்லை. அது கையில் இருக்கிறவர்கள் தாராளமாக எழுந்து வரையட்டும்.

அப்புறம், நேரத்தைத் தின்பது வரைவது அல்ல, எடுத்து வைப்பதும் திரும்ப எடுத்துப்போய் வைப்பதும்தான். கோலமாவு டப்பா வாசல்படிக்குப் பக்கத்திலேயே இருப்பதால்தான் தினமும் கோலம் நடக்கிறது. அதைப் பரணில் ஏற்றி வைத்தால் மார்கழியில்கூட நடக்காது. ஓவியப் பொருட்களும் அப்படி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். என்னுடையது சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் ஒரு தட்டு. அதில் பேலட் (நிறம் வைத்துக் கலக்கும் குழித் தட்டு), ஆறாம் நம்பர், பத்தாம் நம்பர் உருண்டை பிரஷ் இரண்டு, ஒரு டம்ளர், பழைய பனியன் துணி. டியூப் பெயின்டைத் தினமும் பிதுக்க வேண்டாம். பேலட் குழிகளில் நிரப்பி அப்படியே காயவிடுங்கள். அதில் பசையாக இருப்பது கருவேல இனத்து மரத்துப் பிசின்தான், தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். மழைக்காலத்தில் மட்டும் ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நிறமும் நிறைய வேண்டாம். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. முதல் இரண்டையும் கலந்தால் மழை மேகச் சாம்பலிலிருந்து ஏறக்குறைய கறுப்புவரை வரும். டீக்கடை இருட்டுக்கு நான் பயன்படுத்துவது அதைத்தான்.

அக்ரிலிக் ஏன் வேண்டாம் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். அது காய்ந்தால் பிளாஸ்டிக். நடுவில் எழுந்துபோய்ப் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் பேலட்டில் இருப்பது வீண், பிரஷும் வீண். ஆயில் பெயின்டுக்கு வீடெல்லாம் டர்பன்டைன் வாசனை, காயவும் பல நாள் ஆகும். துண்டு துண்டு நேரத்துக்கு வாட்டர்கலர்தான் சரி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

புகைப்படத்தின் கணக்கு நேர் எதிர். அதற்கென்று தனி நேரம் ஒதுக்காதீர்கள், நீங்கள் ஏற்கெனவே போய்வருகிற வழியில் வெளிச்சம் எப்போது எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். சென்னை சுமார் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது, காலையில் மணிக்குச் சுமார் பதினான்கு டிகிரி. உதித்து முக்கால் மணி நேரத்துக்குள் அந்த மஞ்சள் வெளிச்சம் வெள்ளை வெயிலாகிவிடும். ஐரோப்பாக்காரர்கள் யூடியூபில் காட்டுகிற கோல்டன் ஹவர், அதாவது அந்த மஞ்சள் வெளிச்ச நேரம், அங்கே கோடையில் இழுத்துக்கொண்டே போகும். அதை நம்பி இங்கே சாவகாசமாகக் கிளம்பினால் முடிந்துபோயிருக்கும்.

அலுவலகம் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. மே கடைசியில் இங்கே சூரியன் 5.40 வாக்கில் உதிக்கும், ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். மாலையில் நவம்பர் நடுவில் 5.40-க்கே மறைந்துவிடும், ஜூலையில் 6.40 வரை இருக்கும். ஆகவே ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் நல்ல வெளிச்சம் நமக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மாலையை மறந்துவிட்டுக் காலையைப் பிடிக்க வேண்டும். பால் வாங்கவோ பிள்ளையை வேனில் ஏற்றவோ தெருவுக்கு வருகிற நேரமும் சூரியன் வருகிற நேரமும் அப்போது ஒன்றாகிவிடும். நாம் எங்கும் தனியாகப் போகவில்லை, மாதத்துக்கு ஏற்ப ஜேபியிலிருந்து மொபைலை எடுக்கிற வேளை மட்டும் மாறுகிறது.

மத்தியான வெயிலில் மனித முகங்களை எடுக்காதீர்கள், கண் குழியில் கறுப்பாக நிழல் விழும். ஆனால் அந்த வெயிலுக்கும் வேலை உண்டு. பந்தலுக்கு அடியில், கடைத் திண்ணையில், வெள்ளைச் சுவருக்கு எதிரே நிற்பவர்கள்மேல் தெறித்து வருகிற வெளிச்சம் மிக மென்மையாக இருக்கும். ரயிலில் வந்தால், கிண்டி தாண்டி சைதாப்பேட்டைக்கு முன் அடையாற்றுப் பாலம் வரும். காலையில் எழும்பூர் பக்கம் போகும்போது வலது கைப் பக்கம் கிழக்கு, அதனால் தண்ணீரில் வெளிச்சம் எதிராக அடிக்கும். நான் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்தபடி எடுப்பேன். கதவோரம் தொங்கிக்கொண்டு எடுக்கிற அளவுக்கு எந்தப் படமும் முக்கியமில்லை.

மொபைல் கேமராவில் மூன்று விஷயம் கவனித்தால் போதும். லென்ஸைத் துடையுங்கள், விரல் எண்ணெய் படிந்திருந்தால் இரவு விளக்குகளைச் சுற்றி மங்கலாகப் புகைபோல் வரும். வெளிச்சமான இடத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கொஞ்சம் கீழே இழுங்கள், வானம் வெளுத்துப்போகாது. முகத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது சாதாரண லென்ஸில் மூக்கு பெரிதாகும். இரண்டு மடங்கு ஜூமில் வைத்து இரண்டடி பின்னால் போங்கள். கேட்டுவிட்டு எடுங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். எங்கள் டீ மாஸ்டர் கேட்டதும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டார், அதுவும் நல்ல படம்தான்.

இரண்டும் சேருகிற இடம் சனிக்கிழமை. வாரம் முழுக்க எடுத்ததில் வரையத் தக்கது ஒன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மற்றவற்றில் முக்கால்வாசியை அழித்துவிடுவேன். தேர்ந்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெளிச்சம், நடு, இருட்டு என்று மூன்று திட்டுகளாகத் தெளிவாகப் பிரிந்தால் அது ஓவியமாகும். எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். இப்போதைய மொபைல்கள் நிழலைத் தானாகவே தூக்கி, வானத்தைத் தானாகவே அடக்கி, எல்லாவற்றையும் சமமாக்கிக் கொடுக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும், வரைவதற்கு உதவாது. அதனால் முக்கியமான இடம் என்றால், "பந்தல் அடியில் பச்சை கலந்த நீலம்" என்பதுபோல் கண்ணில் பட்ட நிறத்தை மொபைலிலேயே ஒரு வரி குறித்துக்கொள்வேன்.

"இதெல்லாம் முழுநேரக் கலைஞர்கள் செய்ய வேண்டியது, உனக்கு எதற்கு?" என்று வீட்டில் யாராவது கேட்டால், இந்த ஊரின் கதையையே சொல்லலாம். இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பதை 1850-இல் ஆரம்பித்த அலெக்சாண்டர் ஹன்டர் தொழிலால் ஓவியர் இல்லை, அறுவை மருத்துவர். அதே பத்தாண்டில் சென்னையில் புகைப்படச் சங்கம் உருவானபோது அதிலும் முன்னின்றவர் அவர். இன்னொன்று, 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றி இருந்த கலைஞர்கள் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கினார்கள். முறையாகப் படித்த அந்தக் கலைஞர்களே வயிற்றுப்பாட்டுக்கு பாட்டிக் துணியும் (மெழுகு பூசிச் சாயமேற்றியது) கைவினைப் பொருட்களும் செய்து விற்றுக்கொண்டு, மிச்ச நேரத்தில்தான் தங்கள் படங்களை வரைந்தார்கள். மிச்ச நேரம் என்பது அவ்வளவு கேவலமான நேரம் இல்லை. அங்கே காட்சிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலச் சிலைகளையும் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தினமும் வரைந்ததைத் தினமும் பதிவேற்றுவதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. படம் எடுத்து, நேராக்கி, இரண்டு வரி எழுதி, யார் பார்த்தார்கள் என்று எட்டிப் பார்ப்பதற்குள் பிரஷுக்கு வைத்திருந்த இருபது நிமிடம் போய்விடுகிறது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். மதுரையில் இருக்கிற பெரியம்மா மட்டும் "டீக்கடை சாய்ந்திருக்கே" என்பார். சாய்ந்துதான் இருக்கும்.

கடைசியாக, "நல்ல கேமரா வாங்கினால் உற்சாகம் வருமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பெரிய கேமரா பையில் இருக்கும், வெளிச்சம் வரும்போது கையில் இருக்காது. கடலோர ஊரின் ஈரத்தில் அலமாரியில் பூட்டிவைத்த லென்ஸில் ஃபங்கஸும் வரும். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துங்கள். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் தாளுக்குச் செய்யுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்), முழுப் பருத்தியில் செய்தது. சாதாரணத் தாள்போல் நனைந்ததும் அலையலையாக மடங்காது, பூசிய நிறத்தைத் திரும்ப நனைத்து எடுத்தாலும் எளிதில் நார் கிளம்பாது. விலை அதிகம்தான், ஆனால் ஓர் ஏ4 தாளை நான்காக வெட்டினால் போஸ்ட்கார்டு அளவில் நான்கு கிடைக்கும். வாரத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் அது ஒரு மாதத்துக்கு வரும்.