ஒரே மெயிலில் மூன்று ‘ரன்’

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர் அனுப்பிய மெயிலில், ‘த ரெட் ரேன் இன் த வாஷ். ப்ளீஸ் ரன் த நியூ ஷேட் பை அஸ் பிஃபோர் த நெக்ஸ்ட் ரன்’ என்று இருந்தது. அகராதியைப் பிரித்தால் ‘ரன்’னுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டவே வேண்டாம். வினைச்சொல்லாக மட்டுமே ‘ரன்’னுக்கு 645 அர்த்தங்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் கணக்கு 2011இல் வெளிவந்தது. அதுவரை முதலிடத்தில் இருந்தது ‘செட்’. ஆங்கிலேயரே இத்தனையையும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை.

முதலில் மெயில். துவைத்ததில் சிவப்புச் சாயம் இறங்கிவிட்டது. அதுதான் முதல் ‘ரன்’. கடைசி ‘ரன்’ பெயர்ச்சொல்: ஒரே தொடர்ச்சியாக ஓட்டி எடுக்கும் உற்பத்தி, அதாவது அடுத்த லாட். நடுவில் உள்ள ‘ரன் பை அஸ்’தான் ஆளைக் கவிழ்ப்பது. எங்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்கிறார். தொனி மென்மையானது, ஆனால் சொல்வது பையர். லாப் டிப்பை (புதிய சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு) அனுப்பி, பதில் வந்த பிறகே சாயப்பட்டறைக்குச் சொல்லுங்கள்.

மற்றபடி இந்தச் சொல்லில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பஸ் ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது என்று நாமும்தானே சொல்கிறோம்? இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். தானாக நடந்தால் ‘ஓடு’, ஒருவர் நடத்தினால் ‘ஓட்டு’ என்று தமிழ் பிரித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல், அதனால் பின்னால் வருவதைப் பாருங்கள். ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் ஓடுகிறது. ‘ஷீ ரன்ஸ் எ ஷாப்’ என்றால் கடை நடத்துகிறார். மூக்கு ஒழுகுவதற்கும் ‘ரன்’தான், அங்கே மட்டும் தமிழை நம்பாதீர்கள்.

மீதிப் பாதியில்தான் உழைப்பு. பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லையும் சேர்த்து ஒரே வார்த்தையாகப் படியுங்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலிருந்தே ஒரு வாக்கியம் போதும். நூல் தீர்ந்துபோனால் ‘வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் த்ரெட்’ (கிரிக்கெட் ரன் அவுட்டை மறந்துவிடுங்கள்). எதிர்பாராத சிக்கலில் மாட்டினால் ‘வி ரேன் இன்டு எ ப்ராப்ளம்’. ‘ரன் ஓவர்’ விஷயத்தில் கவனம்: மீட்டிங் ‘ரேன் ஓவர்’ என்றால் நேரம் தாண்டியது, கார் ஒருவரை ‘ரேன் ஓவர்’ என்றால் ஆள்மேல் ஏறிவிட்டது.

அப்புறம், ‘ஹாவ்’ வந்தால் ‘ரன்’. ‘ஹாவ் ரேன்’ தப்பு. பையருக்குப் பதில் எழுதும்போது ‘வி வில் ரன் இட் பை யூ’ என்று ‘இட்’டை நடுவில் வையுங்கள். ‘ரன் பை யூ இட்’ என்று ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை.