ரெஸ்னிக் என்று பேர் இருந்தால் எல்லாரும் ஒரே வம்சமா?

கேள்வி: என் மருமகளின் குடும்பப் பெயர் ரெஸ்னிக். கொள்ளுத்தாத்தா 1910 வாக்கில் ரஷ்யாவிலிருந்து நியூயார்க் வந்த யூதர். இது ஆடுமாடு அறுப்பவர்களின் தொழிற்பெயர் என்கிறார்கள். இந்தப் பெயர்க்காரர்கள் எல்லாரும் உறவா? பூர்வீக ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தொழிற்பெயர் என்பது சரி. எல்லாரும் உறவு என்பது தவறு.

ரெஸ்னிக் என்றால் அறுப்பவர், எபிரேயத்தில் ஷோஹெத். இவரைக் கசாப்புக்கடைக்காரரோடு சேர்த்துவிடாதீர்கள். மதச் சட்டம் படித்துத் தேறி, ரபியிடம் (யூத மதகுரு) அனுமதி பெற்றவர். ஹலாஃப் எனும் கத்தியின் அலகை, அறுக்குமுன்னும் பின்னும் விரல்நுனியாலும் நகத்தாலும் தடவிப் பார்ப்பார். மயிரிழைப் பிசிறு நெருடினாலும் அந்த இறைச்சி கோஷர், அதாவது யூத மதச் சட்டப்படி உண்ணத்தக்கது, ஆகாது. நடுவில் கையை நிறுத்தினாலும், கத்தியை அழுத்தினாலும் அப்படியே. மாடென்றால் நுரையீரலில் ஒட்டு இருக்கிறதா என்றும் பார்ப்பார். இவர் இல்லாத ஊரில் யூதர்களுக்கு இறைச்சி இல்லை.

ஆகவே, ஆஸ்திரியாவில் 1787-லும் ரஷ்யாவில் 1804-லும் யூதர்கள் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பல ஊர்களில் தனித்தனியாக இதே தொழில் பெயராயிற்று. ரஷ்யப் பேரரசில் ரெஸ்னிக். அன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்திருந்த கலீசியாவிலும் ருமேனியா பக்கமும் ஷெக்டர். 'அறுப்பவரும் சோதிப்பவரும்' என்ற எபிரேயத் தொடரின் சுருக்கமான ஷுப்பும் இதே தொழிற்பெயர்தான். கெய்ரோ ஜெனிஸா (யூத ஜெபக்கூடத்தின் பழைய ஏட்டுக் கிடங்கு) ஏடுகளை ஆராய்ந்த சாலமன் ஷெக்டர் ருமேனியாவின் ஃபோக்ஷானியில் பிறந்தவர். அவர் தந்தை ஷோஹெத்தேதான்.

ஒரு எச்சரிக்கை. செக், போலிஷ் மொழிகளில் இதே பெயரின் வடிவங்கள் சாதாரணக் கசாப்புக்காரரைக் குறிக்கும், கிறிஸ்தவர்களிடமும் உண்டு. பெயரை மட்டும் வைத்து மதத்தை முடிவு செய்யாதீர்கள்.

தேடலை அமெரிக்காவில் தொடங்குங்கள். மக்கள்தொகைக் கணக்கில் 'ரஷ்யா' என்றிருந்தால் அது உக்ரைன், பெலாரஸ், லிதுவேனியா எதுவாகவும் இருக்கலாம், ஊர் தெரியாது. குடியுரிமை விண்ணப்பத்தை எடுங்கள். 1906 செப்டம்பருக்குப் பிந்திய படிவத்தில் பிறந்த ஊர், கப்பல், வந்த தேதி எல்லாம் கேட்டிருப்பார்கள். நியூயார்க் வந்த குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். பயணிகள் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரானது. பழைய பெயர் அதில்தான் இருக்கும்.

அடுத்து கல்லறை. எபிரேய வரிகளில் 'மோஷே பென் ஹைம்' (ஹைமின் மகன் மோஷே) என்பதுபோல் தந்தை பெயர் இருக்கும். அமெரிக்காவில் மோரிஸ் ஆன மோஷே ரஷ்யப் பிறப்புப் பதிவேட்டில் மோவ்ஷாவாக இருப்பார். தந்தை பெயர்தான் இரண்டையும் இணைக்கும். யூதர்களுக்கான அந்தப் பதிவேடுகள் 1835 முதல் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவை 1850, 1858 குடும்பக் கணக்கெடுப்புகளில் தேடலாம்.

யூத வம்சாவளித் தேடலுக்கான ஜூயிஷ்ஜென் இணையதளத்தில் தேடும்போது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று கேட்காமல், ஒரேபோல் ஒலிக்கும் பெயர்களைச் சேர்த்துக் காட்டும் டைட்ச்–மொகோடாஃப் ஒலிமுறையைத் தேர்ந்தெடுங்கள். ரெஸ்னிக், ரெஸ்னிக்காஃப் எனப் பின்னொட்டு மாறிய பெயர்களைத் தனித்தனியே தேடுங்கள். ஊர், தந்தை பெயர் இரண்டும் ஒத்துவந்தாலொழிய எந்த ரெஸ்னிக்கையும், வயது பொருந்துகிறது என்பதற்காக வம்சவரிசையில் சேர்க்காதீர்கள். ஒருவரைத் தவறாகச் சேர்த்தால் அவருக்கு மேலுள்ள தலைமுறை முழுவதும் வேறு குடும்பத்தினுடையதாகிவிடும்.