டேராடூன் விண்ட்லாஸ் குடும்பம் வாள் தொழிலில் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி?

ஆரம்பம் குக்ரி என்ற வளைந்த கத்திதான். 1943-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த நேபாள கூர்க்கா வீரர்களுக்கு இந்தக் கத்தியைச் செய்யத்தான் வேத் பிரகாஷ் விண்ட்லாஸ் டேராடூனில் பட்டறை தொடங்கினார். 1947-இல் சுதந்திரத்தின்போது அந்தப் படையின் பத்து கூர்க்கா ரெஜிமென்ட்களில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. இரண்டு படையிலும் குக்ரி தொடர்ந்தது.

குக்ரியைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதிலுள்ள வேலை புரியும். முதுகு தடிமன், எடை முழுக்க முன்பக்கம். அதனால் வெட்டு தானாக இறங்கும். உறையில் இரண்டு குட்டிக் கத்திகள் வேறு: கர்தா சின்ன வேலைகளுக்கு, மொக்கையான சக்மக் விளிம்பைத் தீட்டவும் கல்லில் தீப்பொறி எழுப்பவும்.

சரி, ராணுவ ஆர்டரை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு வளர்ந்திருக்க முடியாது. பழைய ஐரோப்பிய வாள்கள், கவசங்களின் நகல்களைச் சேகரிப்பாளர்களுக்குச் செய்யத் தொடங்கியதுதான் பெரிய திருப்பம் என்பேன். அப்புறம், அவற்றை அமெரிக்காவில் தபால் வழியே விற்றுவந்த மியூசியம் ரெப்ளிகாஸ் நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள். செய்கிறவர் கையிலேயே கடையும் வந்தது. வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்பது இடைத்தரகர் இல்லாமல் நேராகப் பட்டறைக்குத் தெரிந்துவிடும்.