காளான் பை வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்க ஆசை. 'தண்ணீர் தெளித்தால் போதும்' என்று விற்கும் தயார் பையை வாங்கலாமா, காளான் விதையை (தானியத்தில் வளர்த்த காளான் இழை) வாங்கி நாமே வைக்கோல் படுக்கை போடலாமா? 3 கிலோ பையில் பல மாதம் அறுவடை செய்யலாம் என்கிறது விளம்பரம். நம்பலாமா?

பதில்: முதல் தடவை என்றால் தயார் பையே வாங்குங்கள். வைக்கோலை ஊறவைத்து, வெந்நீரில் கிருமிகளைக் குறைத்து, ஈரம் சரியாக இருக்கும்படி உலர்த்தி, விதை தூவிக் கட்டுவதற்குள்தான் புதியவர்களுக்கு அதிகம் கெட்டுப்போகிறது. அப்புறம் வெள்ளை இழை பை முழுக்கப் பரவ இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். தயார் பையில் இதெல்லாம் முடிந்திருக்கும். காற்றோட்டமும் ஈரமும் பழகிய பிறகு விதைக்கு மாறலாம்.

ஆனால் 'பல மாதம்' என்பதை நம்பாதீர்கள். ஒரு பையில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அறுவடைதான். முதல் அறுவடையே பெரியது, பிறகு குறைந்துகொண்டே போகும். கணக்கும் எளிது. 3 கிலோ பையில் ஏறத்தாழ 2 கிலோ தண்ணீர், மீதி 1 கிலோதான் உலர்ந்த வைக்கோல் அல்லது மரத்தூள். எல்லா அறுவடையும் சேர்ந்து அந்த உலர் எடை அளவுக்கு, அதாவது 1 கிலோ, புதுக் காளான் வந்தாலே நல்ல விளைச்சல். பையின் விலையை அந்த விளைச்சலின் எடையால் வகுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விற்பவரிடம் விதை கலந்த தேதியையும் காளான் வகையையும் கட்டாயம் கேளுங்கள். பைக்குள் இருப்பது உயிருள்ள பொருள். கிடங்கில் கிடக்கக் கிடக்க வலு குறையும். தேதி சொல்லாதவரிடம் வாங்கவே வேண்டாம். வகையும் முக்கியம். மொட்டுக் காளானுக்கு மக்கிய உரமும் அதன்மேல் பரப்பும் மேல்மண்ணும் 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சியும் வேண்டும், தொடக்கத்துக்குச் சரிப்படாது. பால் காளான் 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வரும். அதற்கும் மேல்மண் தேவை, பெட்டியில் சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: பார்சலில் வந்த பையில் பச்சைத் திட்டுகள். 'அப்படித்தான் இருக்கும்' என்கிறார் விற்றவர்.

பதில்: அப்படி இருக்கக் கூடாது. நல்ல இழை வெள்ளையாக இருக்கும். பச்சைத் திட்டு பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்ற பூசணம், காளானுக்குப் பெரிய எதிரி. பையைத் திறக்காமல், தேதிச் சீட்டும் தெரியும்படி அன்றே படமெடுத்து, மாற்றுப் பை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மற்றப் பைகளின் அருகில் அதை வைக்காதீர்கள். மஞ்சள் நீர்த்துளி மட்டும் தெரிந்தால் அது புகாருக்கு உரியதல்ல, இழையே சில சமயம் அப்படிக் கசியும். புளித்த வாடையும் சேர்ந்தால் சந்தேகப்படலாம். இரண்டு அறுவடை எடுத்த பிறகு பச்சை பிடித்தால் விற்றவர் மேல் பழி போடுவது நியாயமில்லை. பை ஓய்ந்துவிட்டது, செடிகளுக்கு மக்க வையுங்கள்.

கேள்வி: விளம்பரப் படத்தில் பை கட்டிலருகே இருக்கிறது. அப்படி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். முற்றிய சிப்பிக் காளான் ஏராளமான வித்துத்தூளைக் காற்றில் விடும், சிலருக்கு இருமலும் மூச்சுத் தொல்லையும் வரும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் வைத்து, குடையின் ஓரம் மேல்நோக்கி விரியும் முன்பே பறித்துவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வாங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.