300 தீர்ப்பையும் ஏஐ படித்துத் தருமா?

கேள்வி: சட்ட முதுகலை படிக்கிறேன். பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்களின் பாகப்பிரிவினைத் தீர்ப்புகள் 300 இறக்கி வைத்திருக்கிறேன். பெண் மக்களுக்குப் பங்கு கிடைத்ததா, வழக்கு எத்தனை வருடம் இழுத்தது என்று பார்க்க வேண்டும். சாட்ஜிபிடியிடம் கொடுத்து அட்டவணை வாங்கலாமா? கைடு திட்டுவாரா?
- வாசகி, தக்கலை

பதில்: வாங்கலாம். ஆனால் அதற்கு முன் 50 தீர்ப்பை நீங்களும் ஒரு தோழியும் தனித்தனியாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருவர் குறிப்பும் முட்டிக்கொள்கிற இடத்தில் பெரும்பாலும் கேள்விதான் கோணல்: பங்கு கிடைத்தது என்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்கிற முதல்நிலைத் தீர்ப்பாணையிலா, இறுதித் தீர்ப்பாணையிலா, சமரசமாகப் போனதை எதில் சேர்ப்பது? இதைத் தீர்த்துவிட்டு அப்புறம் ஏஐ மாடலிடம் போங்கள். அதே 50 தீர்ப்பை அதனிடமும் கொடுத்து, பதிலை உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிட்டதில் '90 சதவீதம் சரி' என்று வந்தால் மயங்காதீர்கள். 50-இல் 45 வழக்கில் பங்கு கிடைத்திருந்தால், ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுகிற இயந்திரமும் 90 வாங்கிவிடும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கிற, 1960-இல் வந்த கோஹன் கப்பா என்ற அளவு அதற்குப் பூஜ்யம்தான் போடும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே சில குழிகள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், அதனால் பழைய பத்திரங்களில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான். '1098 துலாம்' மாதம் என்றால் 1922 அக்டோபர் வாக்கில். அதே 1098-இன் மேடம் மாதம் 1923-க்குப் போய்விடும். மாடல் இதை 1998 என்று திருத்தி எழுதினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பெண்வழியில் சொத்து இறங்குகிற மருமக்கத்தாயக் குடும்பத்து வழக்கில் 'மருமகன்' என்றால் சகோதரியின் மகன், மகளைக் கட்டியவர் அல்ல. இந்த ஒரு சொல் புரண்டால் பங்குக் கணக்கு முழுவதும் புரண்டுவிடும். இப்படிப்பட்ட தீர்ப்புகளைத் தனியாக எடுத்து நீங்களே படியுங்கள், வேறு வழியில்லை.

ஒவ்வொரு பதிலோடும் தீர்ப்பின் வாசகத்தையும் பத்தி எண்ணையும் கேளுங்கள். அந்த வாசகம் கோப்பில் தேடிக் கிடைக்காவிட்டால் பதிலைத் தள்ளுங்கள். மேற்கோள் காட்டுவதற்கான பழைய தீர்ப்புகளை, அதாவது முன்தீர்ப்பை மட்டும் அதனிடம் கேட்கவே வேண்டாம். 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி சொன்னதை நம்பி, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

சரி, கைடு விஷயம். எந்த மாடல், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, என்ன கேட்டீர்கள் என்பதை அப்படியே பின்னிணைப்பில் போடுங்கள், இணையத்தில் ஏறாத தீர்ப்புகள் உங்கள் 300-இல் இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள். அதற்கப்புறமும் திட்டினால், அந்த 50 தீர்ப்புக் குறிப்பு நோட்டை மேஜையில் வையுங்கள்.