பருப்பு வேகாத தண்ணீரில் பாத்திரம் எப்படிப் பளபளக்கும்?

கேள்வி: நான் காட்பாடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீடு சத்துவாச்சாரியில். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அக்கா ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், என் வீட்டுக்காரர் போன மாதம் டிஷ்வாஷர் வாங்கினார். மாட்ட வந்தவர் ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றே வாரத்தில் கண்ணாடி டம்ளர் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. எவர்சில்வர் தட்டிலும் வெள்ளைத் திட்டு. களி கிண்டின பாத்திரத்தில் அடியில் ஒட்டினது போகவே இல்லை. என் மாமியார், “இன்னாம்மா இது, மூணு மணி நேரம் ஓடுது, ஒட்டினது ஒட்டினபடியே கீது. எச்சித் தட்டும் சமைச்ச சட்டியும் ஒரே தண்ணியில பொரளுது” என்று சொல்லி, மெஷினில் இருந்து எடுத்ததை மறுபடியும் தேய்க்கிறார். அவருக்கு 71 வயது, முட்டிவலி வேறு. பார்க்கவே மனசு கேட்கவில்லை. மெஷினை விற்றுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விற்க வேண்டாம். உங்கள் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மாதிரி அதை யாரும் தயார்செய்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலூர்ப் பக்கம் போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்று நம் அம்மாக்கள் குடிக்கிற தண்ணீரை எடுத்துத்தான் உலை வைப்பார்கள். வெந்நீர் வைக்கிற அண்டாவின் உள்பக்கம் ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். கீசர் காயில் வருஷத்துக்கு ஒருமுறை போய்விடும். குழாய் வாயில் உப்புப் பூத்திருக்கும். இதெல்லாம் ஒரே காரணம்தான்: தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். தண்ணீர் சுடச்சுட அது சுண்ணாம்பாகப் பிரிந்து, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். டிஷ்வாஷர் 60, 70 டிகிரி வரை தண்ணீரைச் சூடாக்குகிறது. அண்டாவில் நடப்பதுதான் உங்கள் டம்ளரிலும் நடந்திருக்கிறது.

இதற்கான வழி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. கீழ்த் தட்டை வெளியே இழுத்துவிட்டு அடியில் பாருங்கள், ஒரு பெரிய திருகு மூடி இருக்கும். அதுதான் உப்புத் தொட்டி. உள்ளே வருகிற தண்ணீர், பிசினால் செய்த சின்னச் சின்ன மணிகள் நிரம்பிய ஓர் அறை வழியாகப் போகும். அந்த மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். சில நாளில் மணிகள் நிரம்பிப் போகும். அப்போது மெஷின் தானாகவே உப்புத் தண்ணீரை அவற்றின் மேல் ஓட்டி, பிடித்ததையெல்லாம் கழுவி வெளியே தள்ளிவிட்டு, மறுபடியும் வேலைக்குத் தயாராக்கும். உப்பு இல்லையென்றால் மணிகள் வெறுமனே கிடக்கும், போர் தண்ணீர் அப்படியே பாத்திரத்தில் ஏறும். உங்கள் வீட்டில் அந்தத் தொட்டியை இதுவரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் தடவை மட்டும் தொட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மெஷினோடு வந்த புனலை வைத்து, டிஷ்வாஷருக்கென்று விற்கிற உப்பைப் போடுங்கள். ஏறக்குறைய ஒரு கிலோ பிடிக்கும். போடப் போட உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வழியும், பயப்படாதீர்கள். அதன்பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. உப்பு விளக்கு எரிகிறபோது உப்பு மட்டும் போட்டால் போதும். கடையில் வாங்குகிற கல் உப்பைப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். கல் உப்பில் மண்ணும், எந்த மெக்னீசியத்தை விரட்டப் பார்க்கிறோமோ அதே மெக்னீசியமும் இருக்கிறது. தூள் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும்.

உப்பு போட்ட கையோடு மெஷினை ஓட்டிவிடுங்கள். சிந்தின உப்பு உள்ளே கிடந்தால் எவர்சில்வர் அடித்தட்டையே அரிக்கும். மூடியையும் இறுக்கித் திருக வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020 ஊரடங்கில் எங்கள் வீட்டுக்கு மெஷின் வந்த புதிதில், மூடியின் ஓரத்தில் இரண்டு உப்புக் கல் மாட்டியிருந்ததைக் கவனிக்காமல் திருகிவிட்டேன். மறுநாள் காலையில் என் மாமனார் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்தார். ரத்தக் கொதிப்பு உள்ளவர். டம்ளரின் விளிம்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அந்த வீட்டில் அத்தனை பாத்திரத்தையும் மறுபடி கழுவினேன். அன்றிலிருந்து உப்பு போட்டதும் ஈரத் துணியால் அந்த வாயைச் சுற்றித் துடைக்காமல் மூடுவதில்லை.

உங்கள் வெள்ளைத் திட்டு எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு டம்ளரில் எலுமிச்சை மூடியைத் தேயுங்கள். போய்விட்டால் சுண்ணாம்புப் படிவு. வெறும் தண்ணீரிலேயே போய்விட்டால் பவுடர் அதிகம், அல்லது பாத்திரம் நெருக்கமாக அடுக்கியதால் சரியாக அலசவில்லை. நாக்கில் கரித்தால் உப்புத் தொட்டியின் மூடி சரியாக இறுகவில்லை. எலுமிச்சைக்கும் போகாமல் கண்ணாடியே மங்கியிருந்தால் அது அரிப்பு, திரும்பி வராது. மூன்று வாரத்தில் அந்த அளவுக்குப் போயிருக்காது, கவலை வேண்டாம்.

அடுத்தது, தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் பலரும் காவிரிக் குடிநீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்பில் விடுகிறார்கள். எனவே பக்கத்து வீட்டுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மெஷினுக்குப் போகிற குழாயிலேயே தண்ணீர் பிடித்துப் பாருங்கள். பெட்டிக்குள் ஒரு சோதனைப் பட்டை வந்திருக்கும்; தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும். இல்லையென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை. வந்த எண்ணைக் கையேட்டில் உள்ள அட்டவணையில் பார்த்து, அதற்குரிய நிலையில் வையுங்கள். கையேடு ஜெர்மன் டிகிரியில் கேட்டால் உங்கள் எண்ணை 17.8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விட்டு ‘டிடிஎஸ்’ சொல்வார். அது கரைந்த உப்பு எல்லாவற்றின் மொத்தம், கடினத்தன்மை அல்ல. அதை நம்பி மெஷினை அமைக்காதீர்கள். சித்திரையில் போர் இறங்கியதும் இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள், எண் ஏறியிருக்கலாம்.

ரின்ஸ் எய்ட் என்று ஒரு திரவம் உண்டு, அதையும் ஊற்றி வையுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓட அது உதவும். கைக்குப் பயன்படுத்துகிற பாத்திர சோப்புத் திரவத்தை மட்டும் ஒரு சொட்டுகூட விடக்கூடாது, நுரை பொங்கி அடுப்படி முழுக்க வந்துவிடும்.

இப்போது களிப் பாத்திரம். இந்த மெஷினுக்கு 1886-லேயே அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கினார். அவர் மனதில் இருந்தது பீங்கான் தட்டுகள். இன்றைக்கும் உள்ளே இருக்கிற கம்பிகள் தட்டு நிற்பதற்கு ஏற்றவைதான். நமக்கோ குண்டாவும் டவராவும் அகலச் சட்டியும். அதனால் அடுக்குவதில் நாம்தான் கொஞ்சம் மூளையைச் செலவிட வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் வாயும் கீழே பார்க்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று போகக்கூடாது. கதவைச் சாத்துவதற்கு முன் தண்ணீர் பீய்ச்சுகிற இறக்கையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு கரண்டிக் காம்பு தட்டினால்கூட அது நின்றுவிடும். அப்புறம் மூணு மணி நேரம் ஓடியும் பிரயோஜனம் இல்லை. மாமியார் பார்த்தது இதுவாகவும் இருக்கலாம்.

சோற்றுப் பருக்கையும் குழம்பும் இருக்கிற பாத்திரத்தை நன்றாகக் கழுவிவிட்டுப் போட வேண்டியதில்லை, வழித்துவிட்டுப் போட்டால் போதும். பவுடரில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைப்பதற்கென்றே சேர்க்கப்பட்டவை. ஆனால் கேழ்வரகுக் களி வேறு சங்கதி. அடியில் தோலாகக் காய்ந்தால் எந்த மெஷினும் எடுக்காது. களியை எடுத்ததுமே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ராத்திரி அந்தத் தோல் விரலுக்கு உரிந்து வரும், பிறகு உள்ளே வைத்து, எண்ணெய்ச் சட்டிகளோடு 70 டிகிரி ஓட்டத்தில் விடுங்கள். அடிப்பிடித்த பாலுக்கும் இதுதான்.

போடக்கூடாதவையும் உண்டு. அலுமினியக் குக்கரும் இட்லித் தட்டும் கறுத்துவிடும். தோசைக்கல் துருப்பிடிக்கும். களித் துடுப்பு, மத்து, மரக்கரண்டி வெடிக்கும். மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி, கல்சட்டி, பித்தளை, கரிகிரியில் செய்கிற மண் ஜாடி எதுவும் வேண்டாம். ஈயச்சொம்பு மெல்லிய உலோகம், அதைக் கையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை அடியில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். கடுகு, கறிவேப்பிலை, புளிச் சக்கை எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். கடுகு ஒன்று வலையில் மாட்டிக்கொண்டால் குச்சியால் குத்தாதீர்கள், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் பாயின்ட், சரியான எர்த் இரண்டும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஓர் ஓட்டத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் ஆகும், தினம் ஒன்று என்றால் இரண்டு மாத பில்லில் 60 முதல் 90 யூனிட் கூடும். 500-ஐத் தொட்டுக்கொண்டு இருக்கிற வீடானால் கட்டண விகிதம் மாறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எச்சில் தட்டும் சட்டியும் ஒரே தண்ணீரிலா? இல்லை. முதலில் அலசிய தண்ணீர் கீழே போய்விடும். அடுத்த தண்ணீரில் பவுடரோடு தேய்க்கும், அதுவும் போய்விடும். பிறகு புதுத் தண்ணீரில் அலசும், கடைசி அலசல் 60, 70 டிகிரிச் சூட்டில். நம் கை அந்தச் சூட்டைத் தாங்காது. இதை வாயால் விளக்குவதைவிட, கழிவுக் குழாய் தண்ணீர் விடுகிற சத்தத்தை அவரோடு உட்கார்ந்து எண்ணுங்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால், எச்சில் தட்டுகளைத் தனியாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அவர் நம்பிக்கைக்கு அந்த ஒன்றரை யூனிட்டைக் கொடுக்கலாம்.

இன்னொன்று. அறுபது வருஷமாகச் சாம்பலும் புளியும் தேங்காய் நாருமாகத் தேய்த்த கை அது. என் அம்மா குடியாத்தத்தில் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து தேய்ப்பார். மார்கழி மாசத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார். ‘இனி நீங்கள் வேண்டாம், மெஷின் இருக்கிறது’ என்று உங்கள் மாமியார் காதில் விழுந்துவிடக் கூடாது. ஈயச்சொம்பும் பித்தளையும் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும், முக்காலி போட்டு உட்கார்ந்தபடி செய்யட்டும். அடுக்குகிற வேலையை உங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். வாங்கியவர் அவர்தானே.

உப்பு போட்ட முதல் ராத்திரி களிப் பாத்திரத்தோடு ஆரம்பிக்காதீர்கள். தட்டும் டம்ளருமாகப் பாதி நிரப்பி ஓட்டுங்கள். அதில் பூத்துப்போன கண்ணாடி டம்ளர் ஒன்றை மட்டும் எலுமிச்சையில் துடைத்து, மேல் தட்டின் நடுவில் வையுங்கள். காலையில் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் மாமியாரையே பார்க்கச் சொல்லுங்கள்.