வாங்குவோர் பக்கம்: இரண்டாவது லேன் கார்டு எங்கே போனது?

லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் இரண்டாவதாகப் பொருத்திய லேன் கார்டு, அதாவது நெட்வொர்க் கம்பியைச் செருகும் அட்டை, தெரியவில்லை என்ற புகார் ஒரே மாதத்தில் பல ஊர்களிலிருந்து வந்துவிட்டதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கடைப் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: மேலூரில் அச்சகம் வைத்திருக்கிறேன். ஃபைபர் இணைப்பை ஒரு பழைய கணினியில் வாங்கி மற்ற கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, மதுரை டவுன் ஹால் ரோட்டில் இரண்டாவது லேன் கார்டு வாங்கிப் பொருத்தினேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. “லினக்ஸுக்கு இது சப்போர்ட் ஆகாது, விண்டோஸ் போடுங்கள்” என்கிறார் கடைக்காரர். பில்லின் அடியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று இருக்கிறது. வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

பதில்: கண்டுகொள்ளவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து என்டரைத் தட்டுங்கள். மதர்போர்டிலும் அதன் ஸ்லாட்டுகளிலும் (கார்டுகளைச் செருகும் இடங்கள்) உள்ள கருவிகள் வரிசையாக வரும். ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்ற சொற்கள் உள்ள வரிகள் இரண்டு இருந்தால், கார்டு பிழைத்திருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் அமையவில்லை என்று பொருள். ஒரே வரிதான் இருக்கிறது, அதுவும் மதர்போர்டிலேயே உள்ள பழைய இணைப்புக்கானது என்றால், கார்டு கணினியோடு பேசவே இல்லை.

கடைக்காரர் சொன்ன காரணம் இந்த இரண்டாவது நிலைக்குப் பொருந்தாது. கணினி எழும்போது ஒவ்வொரு ஸ்லாட்டையும் விசாரிக்கிறது. கார்டு தன்னைத் தயாரித்தவரின் எண்ணையும் மாடலின் எண்ணையும் சொல்கிறது. அந்த விசாரணைக்கு டிரைவர் வேண்டியதில்லை. உள்ளே இருப்பது லினக்ஸா விண்டோஸா என்பதும் அங்கே ஒரு பொருட்டல்ல. தன் பெயரைக்கூடச் சொல்லாத கார்டுக்கு லினக்ஸைக் குற்றம் சொல்வது, மணியே அடிக்காத போனுக்கு எதிர்முனையில் இருப்பவரின் குரல் சரியில்லை என்று சொல்வது போன்றது.

ஆனாலும் கடைக்காரருக்கும் நியாயம் செய்ய வேண்டும். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை எழுதுகோல் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, முழுவதும் இறங்கும்படி அழுத்தித் திருகை முடுக்குங்கள். வேறு ஸ்லாட் இருந்தால் அதிலும் போட்டுப் பாருங்கள். பயாஸில் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) அந்த ஸ்லாட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக நண்பர் ஒருவரின் கணினியில், அது விண்டோஸாக இருந்தால் இன்னும் நல்லது, பொருத்திப் பாருங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால் குறை கார்டில்தான்.

பிறகு பில்லோடு போய் நில்லுங்கள். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்ட வாசகம் அந்தச் சட்டத்தை அழித்துவிடாது. உங்களுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேன் கார்டு ஸ்லாட்டுக்குள் இறங்கவில்லை. அதனால் அதன் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் ராவிப் பொருத்தினேன். இப்போது தெரியவில்லை. மாற்றிக் கேட்கலாமா? (வில்லாபுரம்)

பதில்: கூடாது.

கேள்வி: கல்லூரி மாணவன். இரண்டரை கிகாபிட் வேகம் என்று போட்டிருந்த கார்டை இணையத்தில் வாங்கினேன். நீங்கள் சொல்லும் அந்தப் பட்டியலில் கார்டு தெரிகிறது. ஆனால் நெட்வொர்க் அமைப்பில் வரவில்லை. உபுண்டு 18.04 வைத்திருக்கிறேன். போலிப் பொருளை அனுப்பிவிட்டார்களா? (அண்ணா நகர், மதுரை)

பதில்: போலி என்று அவசரப்பட வேண்டாம். அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, என், என், கே என்று சேர்த்து அடியுங்கள். இப்போது ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் தயாரிப்பாளர் எண்ணும் மாடல் எண்ணும் வரும். அதற்குக் கீழே எந்த டிரைவர் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டிருக்கிறது என்ற குறிப்பும் வரும். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். 1978இல் தான் வெளியிட்ட ப்ராசஸரின் எண்ணையே அந்த நிறுவனம் முத்திரையாக வைத்துக்கொண்டது. உங்கள் கார்டு ரியல்டெக் 8125 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். மாடல் எண்ணாக 8125 வந்து, கீழே டிரைவர் குறிப்பு இல்லாமல் இருந்தால் அதுவேதான். அந்தச் சிப்பைப் புரிந்துகொள்ளும் திறன் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் சேர்ந்தது 2019 நவம்பரில் வந்த 5.4ஆம் பதிப்பில்தான். உபுண்டு 18.04 வெளிவந்தபோது அதிலிருந்தது 4.15. கார்டு தன் பெயரைச் சொல்கிறது. உங்கள் கர்னல் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பழைய பதிப்பைப் புதுப்பியுங்கள். 18.04க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துபோனதால் எப்படியும் நீங்கள் மாறித்தான் ஆக வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது உங்களைத் திட்டுவதற்காக அல்ல, உங்களுக்கு விற்றவர்களை. லேன் கார்டு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அதன் நடுவில் இருக்கும் சிப்பைத்தான். மற்றதெல்லாம் பச்சைப் பலகையும் தகரப் பட்டையும். அப்படியிருக்க, பெட்டியின் முன்பக்கத்தில் வேகத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள், பொன்முலாம் பூசிய இணைப்பு என்று பெருமையடிக்கிறார்கள், லினக்ஸின் பென்குயின் படத்தைக்கூடப் போடுகிறார்கள். சிப்பின் பெயரை மட்டும் எங்கேயும் போடுவதில்லை. அதைவிட மோசமானது, மாடலின் பெயரையும் பெட்டியையும் படத்தையும் மாற்றாமல் உள்ளே இருக்கும் சிப்பை மட்டும் மாற்றிவிட்டு, பின்பக்க ஒட்டுத்தாளில் ‘வி2’ என்று எறும்பு எழுத்தில் போடும் வழக்கம். நான் ஒருமுறை ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரியான மூன்று பெட்டிகளை வாங்கி வந்தேன். இரண்டு கார்டுகள் போட்டதும் ஓடின. மூன்றாவதில் வேறு நிறுவனத்தின் சிப் இருந்தது. அதற்கு டிரைவர் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டேன். திரும்பக் கொண்டுபோனபோது, “அதே மாடல்தானே சார்” என்று பெட்டியைத்தான் காட்டினார்கள். அந்தக் கார்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அன்றிலிருந்து பெட்டியைப் பிரித்து, கார்டைக் கையில் வாங்கி, சிப்பின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் படிக்காமல் பணம் கொடுப்பதில்லை. சிப்பின் மேல் வெப்பம் தணிக்கும் தகட்டை ஒட்டி மறைத்திருந்தால், சிப்பின் பெயரை பில்லில் எழுதித் தரும்படி கேட்கிறேன். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடக்கிறேன். இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் சிப்பின் பெயரைக் கேட்டு, அவர் எழுத்தில் தரும் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருமங்கலத்தில் கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். புதிய கார்டைப் பொருத்தியதும் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய இணைப்பும் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர், புதிய கார்டு மதர்போர்டைக் கெடுத்துவிட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். இன்றைய லினக்ஸ், லேன் இணைப்புக்குப் பெயர் வைக்கும்போது அது எந்தப் பேருந்தில், எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வைக்கிறது. பேருந்து என்றது கணினிக்குள் தகவல் ஓடும் பாதையை. மாட்டுத்தாவணியில் நிற்பதை அல்ல. புதிய கார்டு நடுவில் நுழைந்ததும் பாதைகளின் எண்கள் ஒன்று தள்ளிப்போவதுண்டு. நேற்று ‘இஎன்பி3எஸ்0’ என்ற பெயரில் இருந்த உங்கள் பழைய இணைப்பு இன்று ‘இஎன்பி4எஸ்0’ ஆகியிருக்கும். அமைப்புக் கோப்பில் பழைய பெயரே எழுதியிருப்பதால் கணினி இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது. ‘ஐபி லிங்க்’ என்ற கட்டளை இப்போதுள்ள பெயர்களைக் காட்டும். கோப்பில் அவற்றை மாற்றி எழுதினால் போதும். மறுபடி இப்படி நேராமல் இருக்க, பெயருக்குப் பதிலாகக் கார்டுக்கே உரிய எண்ணான மேக் முகவரியைக் கொண்டு அமைக்கச் சொல்லுங்கள். புதிய கார்டைக் கழற்றியவுடன் பழைய இணைப்பு உயிர்பெற்றால், மதர்போர்டு நன்றாகவே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 4,500 ரூபாய் கேட்டவருக்கு இது தெரியாமல் இருந்தால் அவர் அந்த வேலைக்கு வந்திருக்கக் கூடாது. தெரிந்தே கேட்டிருந்தால் அவரை இனி உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: இரண்டு கார்டுகளும் தெரிகின்றன, இரண்டிலும் விளக்கு எரிகிறது. ஆனால் இரண்டாவது வேலை செய்யவில்லை. இரண்டையும் ஒரே ஸ்விட்சில், ஒரே வரிசை ஐபி முகவரியோடு இணைத்திருக்கிறேன். (காளவாசல்)

பதில்: ஒரே தெருவுக்கு இரண்டு வாசல் வைத்துவிட்டு, ஒன்றின் வழியாகத்தான் எல்லாரும் போகிறார்கள் என்று வருந்துகிறீர்கள். இரண்டாவது கார்டுக்கு வேறு வரிசை முகவரி கொடுங்கள்.

கேள்வி: ஓராண்டாக ஓடிய இரண்டாவது கார்டு, புதிய எம்.2 எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்ட நாளிலிருந்து பட்டியலிலேயே இல்லை. (கே.கே. நகர்)

பதில்: சில மதர்போர்டுகளில் எம்.2 இடமும் ஒரு ஸ்லாட்டும் ஒரே பாதையைப் பங்குபோடும். முன்னது நிரம்பினால் பின்னது அணைந்துவிடும். இது மதர்போர்டின் கையேட்டில் எழுதியிருக்கும். எஸ்எஸ்டியைப் பொருத்தியவர் அதைப் படித்திருக்க வேண்டும். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், கூலி இல்லாமல்.

கேள்வி: உசிலம்பட்டி. ஸ்லாட் இல்லாததால் நீல நிற யூஎஸ்பி லேன் அடாப்டரை நடைபாதைக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். ‘3.0, கிகாபிட்’ என்று போட்டிருந்தது. நூறு மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை. பில் போட்டால் வரி சேரும் என்றதால் பில் வாங்கவில்லை.

பதில்: நீல நிறம் பிளாஸ்டிக்கின் நிறம், வேகத்தின் நிறம் அல்ல. உள்ளே நூறு மெகாபிட் சிப் இருந்தால் எந்தத் துளையில் செருகினாலும் நூறுதான். பில் தராதது விற்றவரின் குற்றம் என்றே சட்டம் சொல்கிறது. ஆனால் 18 சதவீத வரியை மிச்சப்படுத்தச் சம்மதித்த நீங்கள், எதைக் காட்டி யாரிடம் புகார் செய்வீர்கள்? என் இழுப்பறையில் இதே நீலத்தில் இரண்டு கிடக்கின்றன. நானும் பில் வாங்கவில்லை. அதனால் இதற்கு மேல் உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை.

கேள்வி: சோழவந்தானில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பேரன் வாங்கித் தந்த லினக்ஸ் கணினியில் இரண்டாவது லேன் கார்டைப் பொருத்துவதற்கு வந்தவர், இரண்டு கார்டு போட்டால் ‘லினக்ஸ் நெட்வொர்க் லைசென்ஸ்’ வாங்க வேண்டும் என்று 2,800 ரூபாய் பெற்றுக்கொண்டு, கடையின் பெயர் போட்ட ரசீதும் தந்தார். கார்டு இன்னமும் தெரியவில்லை. போன் எடுப்பதில்லை.

பதில்: அம்மா, அப்படி ஓர் உரிமம் உலகத்தில் இல்லை. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் கீழ் எல்லாருக்கும் கிடைக்கிறது; கார்டு இரண்டானாலும் இருபதானாலும் எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. டிரைவர்களும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. உங்களிடம் பணம் பறித்திருக்கிறார்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து கருவியைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் யாரும் ஏமாறக்கூடியவர்களே.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதில் ‘லைசென்ஸ்’ என்ற சொல் எழுதியிருந்தால் அதுவே உங்கள் சாட்சி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதோடு, பணத்தைப் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரும்படி கடை முகவரிக்கு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 2,800 ரூபாய்க்காகவா என்று உறவினர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

கார்டு தெரியாததற்கு, பேரனிடம் சொல்லி மேலே மேலூர் அச்சகத்தாருக்கு எழுதியதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சும்மா கிடக்கும் லேன் கார்டு உங்களிடம் இருந்தால் ஒன்றை எனக்குத் தருவீர்களா? (வாடிப்பட்டி)

பதில்: தருகிறேன். முதலில் உங்கள் மதர்போர்டில் இருப்பது நீளமான பழைய பிசிஐ ஸ்லாட்டா, ஓர் அங்குல நீளமே உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டா என்று பார்த்து எழுதுங்கள். அரம் எடுக்க வேண்டாம்.